படகுக்காரர் வேடத்தில் எங்கள் கெஞ்சி சார்

வேங்கிக்காலில் ஆபீஸ் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, தள்ளுவண்டியிலிருந்து அவித்த மல்லாட்டையின் ஆவி வந்து முகத்தில் மோதும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். எங்கள் பக்கத்துப் பெயர். நேற்று அந்த வாசனையில் எனக்கு ஒரு ஜப்பான்காரர் ஞாபகம் வந்தார். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

படிப்பு முடித்த புதிதில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் செங்கம் ரோட்டில் ஒரு இன்டர்நெட் சென்டரில் வேலை பார்த்தேன். மேலே வாடகை அறைகள். கட்டடம் சரோஜா அக்காவுடையது. மனைவி இறந்தபின் தனியாக வந்து அங்கே தங்கிவிட்டவர்தான் கென்ஜி. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டுபோகும் மல்லாட்டையை ஓட்டோடு வாயில் போட்டு, உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டுத்தான் உரிப்பார்.

அக்கா வாயில் அவர் 'கெஞ்சி சார்' ஆகிவிட்டார். அதற்குத் தமிழில் என்ன பொருள் என்று ஆட்டோ ஓட்டும் ஏழுமலை ஒருநாள் கையேந்திக் காட்டிவிட்டார். கெஞ்சி சார் விழுந்து விழுந்து சிரித்தார். சினிமா வாய்ப்புக்காக வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தேன் என்றார். அவர் நடிகர் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

துணை நடிகர். போலீஸ்காரர், கடைக்காரர், செய்தி கொண்டுவரும் சிப்பாய். பெரும்பாலும் பாதிப் படத்துக்குள் செத்துவிடுவாராம். உங்க அப்பா மறுபடியும் செத்துட்டாரா என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததில், அவருடைய மகள் அப்பா படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டாராம். ஆறுதல் சொல்ல நினைத்து என் அரைகுறை இங்கிலீஷில் 'வெரி குட் டெத்' என்றேன். அதற்கும் குனிந்து நன்றி சொன்னார்.

பிறகு அவருக்கு இதயம் பலவீனமானது. மகள் அழைத்துப்போக வந்தார். அதிகம் பேசமாட்டார், அப்பாவிடமும்தான். கிளம்புவதற்குள் சார் நடித்த படம் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். அவரிடமிருந்த டிஸ்க்கை வாங்கி, ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்கு டிவியைத் தூக்கிப்போனோம். மகளும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

ஒரு வாள்வீரனின் கதை. கெஞ்சி சார் படகுக்காரர். துடுப்போடு அவர் தெரிந்ததும் ஏழுமலை விசில் அடித்தார். நாங்கள் பேப்பரைக் கிழித்துத் தூவினோம். நம்ம ஊரில் வேறெப்படிப் படம் பார்ப்பது? வீரனை அக்கரை சேர்க்கும் நேரத்தில் சார் மார்பில் அம்பு பாய்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்துமா. நம்ம சாரே போயிட்டாரு, இதுக்கு மேல என்னா இருக்குது பாக்க?"

நிறுத்தினேன். அக்கா என்ன சொன்னார் என்று மகள் என்னிடம் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, படகு வரும் இடத்திலிருந்து மறுபடி போடச் சொன்னார். இந்த முறை அம்பு பாய்ந்தபோது மகள் அப்பாவின் கையைப் பிடித்திருந்தார். கெஞ்சி சார் படத்தைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போனார்கள். மறு வருஷம் அவர் இறந்துவிட்டதாக மகளிடமிருந்து மெயில் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும், இந்தியாவில் நான் ஹீரோ என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சரோஜா அக்கா அந்த அறையை ரொம்ப நாள் யாருக்கும் விடவில்லை. கேட்டு வந்தவர்களிடம் "ஆளு இருக்காங்க" என்றே சொல்லிவந்தார். இப்போது அக்காவும் இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி லாட்ஜ். ரூம் காலியா என்று கேட்டால், கம்ப்யூட்டரைப் பார்த்து உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.