மல்பெரி பக்கம் அடித்த காற்று

அந்தப் பட்டுப்புழுக்களைக் கொன்றது நீங்கள்தான், குப்பம் ஊர்ப் பூச்சிமருந்துக்கடை முதலாளி ஐயா. நோயும் இல்லை, வளர்த்தவள் தலையெழுத்தும் இல்லை.

வெளிநாட்டுப் பூச்சிமருந்தெல்லாம் எங்கள் பக்கம் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஆண்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். விஷம் இல்லாமல், சாணிக் கரைசலில் பயிர் வையுங்கள் என்று ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருந்த எனக்கு 'சாணி மாஸ்டர்' என்று பட்டம். கொடுத்தவர் நீங்கள். நன்றி.

ராமகுப்பம் பக்கத்தில் என் பேச்சைக் காதில் வாங்கிய ஒரே ஒரு பெண் இருந்தாள். புருஷன் பெங்களூரில். இவள் அரை ஏக்கரில் மல்பெரி வைத்து, மருந்தே தெளிக்காமல் புழு வளர்த்தாள். அந்த முறை புழு கூடு கட்டி, அதை விற்றுக் காசு பார்த்துவிட்டால் ஊரிலேயே இருப்பாள். இல்லாவிட்டால் அவளும் ரயில் ஏற வேண்டியதுதான்.

பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் உங்கள் புது மருந்தை இலவசமாக அடித்துக் காட்டினீர்கள். ஷாமியானா, பிரியாணி எல்லாம் உண்டு.

"காத்து மல்பெரி பக்கம் அடிக்குது. அங்க புழு வளக்கறாங்க. இன்னிக்கு வேணாங்க" என்றேன்.

"நீ போய் சாணி கரைச்சிக்கினு இரு மாஸ்டர். வேணும்னா பிரியாணி துன்னுட்டுப் போ" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. மருந்தும் அடித்தாயிற்று.

அவள் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய் இலை பறித்துப் போட்டாள். வேறு இலைக்கு எங்கே போவாள்? புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. பச்சையாகக் கக்கின. தட்டுத் தட்டாகச் செத்தன.

ஆறுதல் சொல்ல நீங்களே வந்தீர்கள். கையில் புழுவீட்டு நோய்க்கிருமியைக் கொல்ல என்று பிளீச்சிங் பவுடர், அவளுக்கு விற்க. புழுவீட்டு வாசலில் பீடியை அணைத்தீர்கள். செருப்பைக் கழற்றினீர்கள். சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டு உள்ளே வந்தீர்கள். புகையும் அழுக்கும் புழுவுக்கு ஆகாதாம். என்ன இரக்கம்!

"புழு முட்டையே சரியில்லம்மா. மருந்து இன்னா பண்ணும்?" என்றீர்கள்.

"பீடிப் பொகைக்கே பயந்துக்கினு வர்றியேண்ணா. மருந்து அடிக்கறப்போ இன்னா நெனச்ச?" என்று கேட்டாள்.

பவுடரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்த வாரமே அவள் புழுவீட்டைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினாள்.

இப்போது கூட்டங்களில் மண்ணைக் காப்பாற்றச் சொல்லிப் பேசுகிறீர்களாம். நல்லது. ராமகுப்பம் சந்தை நாளில் வாருங்கள். எல்லார் முன்னாலும் நின்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.