பாலிக் புலாவ் தகரச் சாமி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகக் குவாலிட்டி பார்க்கிறேன், கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. கோவிலில் எல்லாரும் கண்ணை மூடி உருகும்போது மேலே மின்விசிறியில் எவ்வளவு தூசி என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பாலிக் புலாவில் சின்னதாக ஒரு டுரியான் பழத் தோட்டம் இருக்கிறது. அதன் மேட்டில் ஒரு மரத்தடியில் முனியாண்டி. சிலையெல்லாம் கிடையாது. ஒரு சூலம், பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு மண்ணில் புதைந்து நிற்கிற கறுத்த தகரம், அவ்வளவுதான். மாமனார் தோட்டம் வாங்கும்போதே அந்தத் தகரம் அங்கே நின்றதாம், யாரோ கும்பிட்ட சாமி போல என்று அவரே சூலம் நட்டு, மஞ்சள் பூசி, சுருட்டும் பீரும் வைத்துப் படைக்க ஆரம்பித்துவிட்டார். தகரச் சாமி என்று நான் கிண்டல் செய்தால் வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் ஒரே பையன் தினேஷ் விமானம் ஓட்டப் படிக்கிறான். போன வருஷம் ஒரு நாள் போன் செய்து, திங்கட்கிழமை வாத்தியார் இல்லாமல் முதல் தடவையாகத் தனியாகப் பறக்கப் போவதாகச் சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முனிக்குப் படையல் போட்டே ஆகவேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார், ஞாயிற்றுக்கிழமை சமைத்து எடுத்துக்கொண்டு மதியம் மேட்டுக்கு ஏறினோம்.

படையலுக்கு முன் தகரத்தைக் கழுவ வேண்டும். கொழுந்தனார் வேலை அது, மேலாகத் தண்ணீர் தெளித்து மஞ்சளைப் பூசிவிடுவார். அன்று அவர் வரவில்லை, நான் உட்கார்ந்தேன். எனக்கு அரைகுறையாகத் தேய்க்கத் தெரியாதே! கம்பி நாரைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எண்ணெயும் புகையும் மஞ்சளும் விரல் கனத்துக்கு உரிந்து வந்தது. உள்ளே துரு இல்லை. பளிச்சென்று அலுமினியம், அளந்து அடித்த மாதிரி வரிசையாக ரிவெட். ஒரு ஓரம் மட்டும் கசங்கிக் கருகியிருந்தது, அந்தக் கறுப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் காதர் அண்ணன் கூடையோடு பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணே, இது தகரம் இல்ல. என்னாது இது?"

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க சாமின்னு கும்பிடுறீங்க, நம்ம குறுக்க பேசக்கூடாதுன்னு இத்தனை வருசம் இருந்துட்டேன். இது பிளேன் துண்டுலா. சண்டைக்கு ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்ன, ஓட்டப் பழகுற பையன் ஒருத்தன் இங்க விழுந்துட்டான். எங்க அத்தா அப்ப சின்னப் பிள்ளை, கண்ணால பாத்தவங்க. நெருப்புக்குள்ள இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம். யாரும் கிட்டப் போகல. போக முடியல."

"பேரு என்ன அண்ணே?"

"யாருக்குத் தெரியும்? இருபது வயசுகூட இருக்காதும்பாங்க அத்தா."

எரிந்து செத்த பிள்ளை முன்னால் வருஷா வருஷம் கற்பூரம் கொளுத்தி, சுருட்டுப் பற்றவைத்து, சாம்பிராணி போட்டிருக்கிறோம். அதுவும் இன்றைக்கு, நாளைக்கு என் பிள்ளை பறக்கப்போகிற நேரத்தில்.

"பழசெல்லாம் பேசாத. சாமி சாமிதான்," என்று வீட்டுக்காரர் கற்பூரத்தை வைத்தார். லைட்டர் பற்றவில்லை. புதுத் தீப்பெட்டியைப் பிரித்தார். குச்சி எரிந்தது, கற்பூரத்துக்கு அருகில் போனதும் அணைந்தது. ஏழெட்டுக் குச்சி அப்படியே. ஒரு இலை அசையவில்லை, சொல்கிறேன், துளிக் காற்று இல்லை.

அப்போதுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம். பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானங்களின் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும், இது அது இல்லை. பழைய மோட்டார் போலப் படபடவென்று வந்தது, இருமியது, நின்றுவிட்டது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். வானம் வெறுமனே இருந்தது. அடுத்தது விழுகிற சத்தம்தான் என்று காத்திருந்தோம். அது வரவில்லை.

ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது, என் குடிதண்ணீர் போத்தலைத் திறந்து அந்த அலுமினியத்தின் மேல் ஊற்றினேன். சுரீரென்று சத்தம் போட்டு ஆவி கிளம்பியது. அரை மணி நேரத்துக்கு முன் இதே கையால் கழுவியிருக்கிறேன், சில்லென்று இருந்தது. காதர் அண்ணன் வாய்க்குள் ஓத ஆரம்பித்தார். எனக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்தி வந்தது, இவனுக்கும் ஒருத்தி அம்மா என்று இருந்திருப்பாளே.

"தம்பி, நாளைக்கு என் புள்ள தனியா பறக்குறான்," என்றேன். "அவன்கூட இரு."

மறுநாள் தினேஷ் பறந்தான், இறங்கினான், போனில் கத்திச் சிரித்தான். அதற்குப் பிறகு மேட்டில் நாங்கள் நெருப்பே வைப்பதில்லை, தண்ணீர் மட்டும்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போன மாதம் லீவில் வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே புலம்பினான்.

"தனியா பறக்கும்போது பக்கத்துக் காலி சீட்டு பெல்ட்டையும் இழுத்துக் கட்டணும்மா, இல்லன்னா பிளேன் ஓட்டுற ஸ்டிக்ல மாட்டிக்கும். நான் டைட்டாத்தான் கட்டுறேன். இறங்கிப் பாத்தா லூசா இருக்கு."

"எந்த பிளேன்ல?"

"எல்லாத்துலயும்தான். மொத நாள்ல இருந்து."

"எவ்வளவு லூசு?"

அவன் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் வைத்துக் காட்டினான். "ஒல்லியா ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு."

வீட்டுக்காரர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு விமானத்தில் பெல்ட் கெட்டிருந்தால் நான் ரிஜெக்ட் எழுதிவிட்டு மறந்துவிடுவேன், எல்லா விமானத்திலும் என்றால் எதை எழுதுவது?

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். போதும்பா, நீ போ என்று சொல்ல வாய் வரை வருகிறது, சொல்லிவிட்டு அடுத்த நாள் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று விழுங்கிவிடுகிறேன். கூட இரு என்று கேட்டவள் நான்தானே. எதுவரைக்கும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.