ஓடுகிறீர்கள், சரி... என்ன சாப்பிடுகிறீர்கள்?

போன மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். விரலில் இருந்த கல்யாண மோதிரம் சோப்பு நுரையோடு நழுவித் தொட்டியில் விழுந்தது. இருபத்து மூன்று வருடமாக எவ்வளவு சோப்பு போட்டாலும் கழலாத மோதிரம்.

பக்கத்தில் நின்ற என் மனைவி கலா அதை எடுத்தாள். முந்தானையில் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் விரலை ஒருமுறை பார்த்தாள். ஈரக் கையைத் துடைப்பது போல நான் அந்த விரலை மறைத்துக்கொண்டேன்.

மோதிரம் கழன்றதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஏழு மாதம் முன்பு, சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்றார்கள். விடுவேனா? எங்கள் ஊர் நீடாமங்கலத்தில் விடிந்ததும் ஆற்றங்கரை ரோட்டில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம். சாயங்காலம் ஜிம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கைப்பிடி ரசம் சாதம், இரவு பப்பாளி. மீன், முட்டை எல்லாம் கொழுப்பு என்று நானே முடிவு கட்டி ஒதுக்கிவிட்டேன். எடை இறங்கியது. "காலேஜ் பையன் மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். அதில் ஒரு மிதப்பு வேறு.

பிறகுதான் ஆரம்பித்தது. ஓட்டம் நடையானது. ஜிம்மில் நேற்றுத் தூக்கிய எடையை இன்று தூக்க முடியவில்லை. ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் தொடை நடுங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீப்பு நிறைய முடி. எடை மட்டும் இறங்கிக்கொண்டே...

என் அண்ணன் இப்படித்தான் இளைத்தார். அவரும் முதலில் சந்தோஷப்பட்டார். சட்டை தொளதொளத்த மூன்றாம் மாதம் வியாதியின் பெயர் தெரிந்தது. ஐந்தாம் மாதம் அவர் இல்லை.

அந்தப் பெயரை நான் மனதுக்குள் கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. கலாவிடம் மூச்சு விடவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஓடினேன்.

கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் அவளே பேசினாள். "என்னங்க, தஞ்சாவூர்ல டாக்டரைப் பாக்க சொல்லி வச்சிருக்கேன். கிளம்புங்க."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

"ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க பேன்ட்டை ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சிருக்கேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்தது என் மெலிந்த மணிக்கட்டைத்தான்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்காக இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டபோது சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. கலா கையைக் கொடுத்துத் தூக்கினாள். கால் வலுவிழந்ததாலா, பயத்தாலா? இன்றுவரை தெரியவில்லை.

டாக்டர் இளம்பெண். தாள்களை நிதானமாகப் புரட்டினார். "இதுல பயப்படுற மாதிரி எதுவும் தெரியலை சார். என்ன சாப்பிடுறீங்க?"

சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே.

"இவ்வளவு ஓடுறீங்க, எடை தூக்குறீங்க... புரதம் எங்க சார்? பருப்பு, முட்டை, மீன், தயிர் எதுவுமே இல்லையே. கொழுப்போட சேர்ந்து சதையும் கரைஞ்சிருக்கு. ஒழுங்கா சாப்பிட்டுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. எடை நிக்கலைன்னா மறுபடி பாத்துடலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

யோசித்துப் பாருங்கள்... நெல் விளைகிற நம் பக்கத்தில் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். சோற்றைக் குறைத்தேன் — சரி. தொட்டுக்கொள்வதைக் கூட்டியிருக்க வேண்டாமா?

இப்போது காலையில் முட்டை, மதியம் முத்துப்பேட்டை மீன் அல்லது கெட்டிப் பருப்பு, சாயங்காலம் சுண்டல். ஓட்டம் பாதியாகிவிட்டது. நேற்று எடை மிஷினில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். முள்ளைப் பார்த்தது கலாதான்.

"இறங்கலை. கொஞ்சம் ஏறியிருக்கு" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இனிமே தனியா பயப்படாதீங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் பயப்படுங்க."