சுவர் எடுக்கச் சொன்ன நாள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு "அதாவது" என்று பெயர். நோயாளி சொல்வதை டாக்டரின் மொழியிலும் டாக்டர் சொல்வதை நோயாளியின் மொழியிலும் சொல்கிற வேலை, பதினாறு வருஷமாக. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது வழுக்கிவிடுமோ என்று பயந்து, "அதாவது..." என்று இன்னொரு சொல்லை முட்டுக் கொடுப்பாள். குத்தலை எரிச்சல் என்று சொல்லிவிட்டால் மருந்தே மாறிப்போகுமே! அதனால் யாரும் குறை சொன்னதில்லை, சிரித்ததோடு சரி.

அப்படிப்பட்டவள் போய்ப் பழைய வீட்டை வாங்கினாளே, அதுதான் வேடிக்கை. நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், வயல்களுக்கு நடுவே, ஓடு வேய்ந்த பண்ணை வீடு. முதல் பார்வையிலேயே அவள் கணவர் சொக்கிப் போனார். அவள் விரிசல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நிம்மதி போச்சு. மழை பெய்தால் ஓடு ஒழுகுமே என்று கவலை, வெயிலடித்தால் மரம் வெடிக்குமே என்று கவலை.

அவர் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கி, ஏணியில் ஏறி நின்று, உத்தரத்தில் அப்பியிருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் பக்கத்து ஊர்க்காரர். கை சுத்தம், பேச்சு சிக்கனம்.

அன்று காலை, ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் கொத்தனாரிடமிருந்து போன்.

"கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவுல அரைச்சுவர் இருக்கேம்மா, அத என்ன பண்ணட்டும்?"

மார்பு உயரச் சுவர்; நடுவில் ஒரு தூண் மேலே எழும்பி நிற்கும். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அவளுக்கு முதலிலிருந்தே அதன்மேல் ஒரு கடுப்பு.

"எடுத்துடுங்கண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதாவது போட நேரமில்லை.

மதியம் இஞ்சினியரிடமிருந்து செய்தி வந்தது. போன வாரம் அவள் அனுப்பிய படங்களை இன்றைக்குத்தான் பார்த்தாராம். "நடுச்சுவரைத் தொடாதீர்கள். உத்தரமே அந்தத் தூண்மேல்தான் நிற்கிறது."

உத்தரத்துக்குக் கீழே ஏணி. ஏணிமேல் அவர்.

கொத்தனாருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. கணவருக்கு அடித்தாள், முழுசாக அடித்து ஓய்ந்தது. மேலதிகாரியிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. வழி நெடுக ரீடயல். ஒரு டிராக்டர் முன்னால் ஊர்ந்தது. ஹாரனில் வைத்த கையை அவள் எடுக்கவேயில்லை. இடிக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு மணி? காலையிலேயே சொல்லியாயிற்றே, பாவி.

வாசலில் வெள்ளையாகத் தூசி பறந்துகொண்டிருந்தது. செருப்போடு உள்ளே ஓடினாள்.

சுவர் இருந்தது. இருந்தது மட்டுமில்லை, வளர்ந்திருந்தது. தூணின் இரண்டு பக்கமும் புதுச் செங்கல், அவள் தலைக்கு மேலே ஒரு முழம்.

"என்னம்மா, இந்நேரத்துக்கு?" என்றார் கொத்தனார்.

"அண்ணே... சுவரு..."

"எடுக்கச் சொன்னீங்கல்ல? எடுத்தாச்சு. இன்னும் ரெண்டு வரிசை போட்டா உத்தரத்தைத் தொட்டுரும்."

"நான் இடிக்கத்தானே சொன்னேன்!"

"இடிக்கணும்னா இடின்னு சொல்லணும்மா. சுவரு எடுக்கிறதுன்னா எங்களுக்குக் கட்டி எழுப்புறது." சாந்துக் கரண்டியை உதறினார். "அதுவும் இதையா? இடிச்சா கூரை ஐயா தலையிலல்ல வந்து உக்காரும்?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "யாரு, நீயா? நல்லவேளை வந்த. மூணு நாளா உன் முகத்தப் பாக்கலன்னு ஏங்கினேன். இப்ப நடுவுல சுவரக் கட்டிட்டாரு மனுஷன்."

"மொதல்ல ஏணியவிட்டு எறங்குங்க!"

"ஏன், என்னாச்சு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க! போனு எங்க?"

"பையில கெடக்கு. சுரண்டுற சத்தத்துல என்னத்த கேக்கும்?"

கொத்தனார் காத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்ணட்டும்மா? இதோட விட்டுரட்டா?"

விட்டுருங்க என்று வாய்வரை வந்தது. வேலையையே விட்டுவிட்டுப் போய்விட்டால்? முடிச்சிடுங்க என்றால்? ஒவ்வொரு சொல்லாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால் கடப்பாரை தெரிந்தது. கடைசியில் ஈரச் செங்கல்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது இங்க இருக்கணும். இதே உயரம். யாரும் இதத் தொடக்கூடாது."

கொத்தனார் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தொடாம எப்படிம்மா பூசுறது?"

அங்கே நின்றபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஒரு வாரம் லீவு கேட்டாள்.