எழுபத்திரண்டு அரை மார்க்குகள்

கோபிசெட்டிபாளையத்தில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த வெள்ளியங்கிரியை டெக்ஸாஸிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது என்றபோது ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. "கம்ப்யூட்டர்காரங்க போறாங்க, டாக்டருங்க போறாங்க, சரி. வாத்தியாரையுமா கூப்புடறாங்க?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். மனுஷன் ஆறு சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்துக்கொண்டு, ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்து, பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள் என்று காத்து நின்றார். ஒருத்தரும் எழவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று ஆங்கிலத்தில் பரிவோடு விசாரித்தாள். அங்கே வழக்கமே தலைகீழ். வாத்தியார்தான் ஒவ்வொரு பீரியடுக்கும் வாசலில் நின்று, வருகிற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முஷ்டியோடு முஷ்டி இடித்து வரவேற்க வேண்டும். "இத்தனை வருஷம் என்னைப் பாத்து எந்திரிச்ச பிள்ளைகளுக்கெல்லாம் இப்ப நான் நின்னு கடன் கழிக்கறேன்," என்று மனைவி நாகமணியிடம் போனில் சொன்னார். பேரை முழுசாகச் சொல்ல வராமல் அவரை எல்லோரும் மிஸ்டர் வி ஆக்கிவிட்டார்கள்.

கார் கிடையாது. பள்ளிக்கு முக்கால் மைல். குடை பிடித்து நடந்தார். டெக்ஸாஸில் நடந்து போகிறவனைப் பார்த்தால் என்னமோ ஏதோ என்று பதறிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது காரை ஓரம் கட்டி, "சார், ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று கேட்டார்கள். மூன்றாம் மாதத்தில் அவர்களில் பாதிப் பேரைக் கையசைத்துப் பழக்கமாக்கிக்கொண்டார்.

இப்படி எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்த மனுஷன், ஒன்றில் மட்டும் வளையவில்லை. மார்க்.

வெள்ளியங்கிரி தன் ஆயுளில் யாருக்கும் நூறு போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அலகு எழுதவில்லையா, அரை மார்க். விடைக்கு அடியில் கோடு இல்லையா, அரை. சமக்குறிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்காமல் தள்ளாடினால் அதற்கும் ஓர் அரை. ஜனவரியில் முதல் பெரிய பரீட்சை வைத்து, அறுபத்தெட்டுத் தாள்களையும் அதே கண்ணோடு திருத்தினார். அறுபதைத் தாண்டியவர்கள் தாளில் சிவப்பு மையில் 'வெரி குட்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவருக்கே ஒரு பெருமிதம்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் மாலை போன் வந்தது. ஏழாம் வகுப்பு மதுஷாவின் அம்மா, டாக்டர் மேர்சி, யாழ்ப்பாணத்துக்காரி.

"சேர், பிள்ளைக்கு அறுபத்திநாலு போட்டுட்டுப் பக்கத்திலை வெரி குட் எண்டு எழுதியிருக்கிறியள். இது நக்கலோ?"

"ஐயோ, நெசமாவே வெரி குட்டுங்க! எங்கூர்ல அறுபது தாண்டுனா ஃபர்ஸ்ட் கிளாஸுங்க."

மறுமுனையில் மேர்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "சேர், எங்கட ஊரிலையும் அப்பிடித்தான். ஆனா இஞ்சை எழுபதுக்குக் கீழை எல்லாம் ஃபெயில். ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லையே? என்ரை பிள்ளை நேற்றிலிருந்து அறையை விட்டு வெளியிலை வரேல்லை."

சொல்லியிருந்தார்கள். ஆகஸ்டில் கொடுத்த நூற்றிருபது பக்கக் கையேட்டில் எங்கேயோ இருந்தது. அதை யார் படித்தது?

விடிந்ததும் தலைமையாசிரியை டால்ட்டன் அம்மாள் கூப்பிட்டார். அறுபத்தெட்டில் நாற்பத்தேழு பேர் ஃபெயில். முப்பத்தொரு பெற்றோர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று மார்க் சொல்ல வேண்டும், இரண்டு வாரம் தருகிறேன், அதன் பிறகுதான் அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பேன் என்றார்.

ஒப்பந்தம் போனால் விசா போகும். ஜூன் மாதம் நாகமணியும் மகள் கயலும் வருவதாக ஏற்பாடு. இங்கே பதினோராம் வகுப்பில் சேரலாம் என்று கயல் பெட்டி வாங்கி, அதன் மேல் பேர் எழுதி ஒட்டியும் வைத்துவிட்டாள்.

பிள்ளைகளிடம் திரும்ப வாங்கிய தாள்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். இனாமாக ஒரு மார்க் கூடத் தருவதில்லை என்று சங்கல்பம். மதுஷாவின் தாள் மேலே இருந்தது. முதல் கணக்கு, விடை சரி. இரண்டாவது, சரி. இருபத்தைந்தாவது வரைக்கும் சரி! தான் கழித்த இடங்களை எண்ணினார். எழுபத்திரண்டு அரை மார்க்குகள். கோட்டுக்கும் குறிக்கும் அலகுக்குமாக, தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளையாக்கி வைத்திருந்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

அறுபத்திநாலை அடித்துவிட்டு நூறு என்று எழுதினார். பழக்கமில்லாத கை, இரண்டாவது சைபர் கோணலாக விழுந்தது. நாற்பத்தேழு ஃபெயில் ஆறாகக் குறைந்தது. அந்த ஆறு பேருக்கும் நிஜமாகவே கணக்கு வரவில்லை; அவர்களைத் தினமும் சாப்பாட்டு இடைவேளையில் கூட உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து டால்ட்டன் அம்மாள் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்தானது.

சனிக்கிழமை காலை காபியை வைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ கால் போட்டார். கோபியில் அப்போது விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. நாகமணிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏனுங்க, குளுருக்குக் கம்பளி எடுக்கோணுமா? மொளகாப்பொடி எத்தனை கிலோங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள். வெள்ளியங்கிரியும் உற்சாகத்தில் கதை முழுவதையும் சொன்னார். "ஒரு பிள்ளைக்கு நூறே போட்டுட்டேன், தெரியுமா?"

பின்னால் நின்ற கயல் முன்னுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் அவரிடம்தான் படித்தாள்.

"நூறா? நீங்களாப்பா?"

"ஆமா சாமி. எல்லா விடையும் சரி."

"எனக்குத் தொண்ணூத்தொம்பதரை போட்டீங்களேப்பா. ஆப் இயர்லி பரீச்சைல. அந்த அரைய எதுக்குக் கழிச்சீங்கன்னு தாள அம்பது தடவ பொரட்டிப் பாத்தேன். கண்டே புடிக்க முடியல."

வெள்ளியங்கிரி காபியை மேஜையில் வைத்தார். அந்தத் தாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோடு, குறி, அலகு எல்லாம் இருந்தன. ஒரு பிழை கிடைக்காதா என்று அவரும்தான் புரட்டிப் புரட்டித் தேடினார்.

"தப்பே இல்ல அம்முணி," என்றார். "வாத்தியாரு சொந்தப் பிள்ளைக்கு வாரிப் போட்டுட்டான்னு ஊரு பேசுமேன்னு பயந்துட்டேன்."

திரையில் கயலின் மூக்கு சிவந்தது.

"ஊருக்குப் பயந்து பள்ளிக்கூடத்துல கழிச்சீங்க, சரி. வீட்டுக்கு வந்து எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லப்பா," என்றாள்.