வலி என்றால் இழு

மூக்கருகே கொண்டுபோய் ஒரு முகர்தல். முகத்தை ஒரு சுளிப்பு. அடுத்த நொடி சட்டை வாளிக்குள் கிடக்கும். வாலிபால் அணியின் பன்னிரண்டு சட்டைகளும் திங்கட்கிழமை காலையில் இப்படித்தான் பூமாரியின் மூக்கைக் கடந்து சோப்புத் தண்ணீருக்குப் போகின்றன. ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை சட்டையைத் துவைக்கக் கூடாது என்பது அந்த அணியின் பரம்பரைச் சட்டம். பூமாரிக்கும் அது தெரியும். அதனால் காய்ந்த சட்டைகளைச் சுருட்டித் தன் நாற்காலியில் போட்டு, ஒரு பகல் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். நன்றாகக் கசங்கியதும் பழைய ஆணிகளில் மாட்டிவிடுவாள். மூன்று கோப்பைகள் துவைத்த சட்டையில் வாங்கியவை. வாங்கியவர்களுக்குத் தெரியாது.

“வேர்வையிலயா இருக்கு அதிர்ஷ்டம்? அப்படின்னா எங்க வீட்டுக்காரரு இந்நேரம் மந்திரியால்லா இருக்கணும்” என்பாள். அவள் வீட்டுக்காரர் தங்கையன் தம்பானூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இரவெல்லாம் கல்லின் முன்னால் நின்று பகலில் தூங்குகிறவர்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்தவள், எப்படியோ மேட்டுக்கடை மகளிர் கல்லூரியின் விளையாட்டு அறைக்கு வந்து சேர்ந்தாள். பெருக்குவது, பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவள்தான். பெண்களை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏ ஏழாம் நம்பரு, இங்க வாட்டி.” கல்யாணமாகி, குழந்தையோடு பார்க்க வருகிற பழைய மாணவியும் அவளுக்கு ஏழாம் நம்பர்தான். குழந்தை ஏழரை.

ஆனால் அந்தக் கல்லூரியில் அவளுக்கு உள்ள மரியாதை இதற்கெல்லாம் அல்ல; ஓட்டத்துக்கு.

எண்பத்தொன்பதாம் வருடம் நடந்தது அது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். மலையாளம் இன்னும் காதில் ஏறவில்லை. விளையாட்டு ஆசிரியை ஜெயலக்ஷ்மி டீச்சர் கையில் ஒரு குப்பித் தைலத்தைக் கொடுத்து, “யாருக்காவது அடிபட்டா உடனே ஓடிப்போய்த் தேய்க்கணும்” என்று தமிழில் சொல்லி, வடம் இழுக்கும் போட்டியின் ஓரத்தில் உட்கார வைத்தார். விசில் ஊதியது. எட்டுப் பெண்களும் பல்லைக் கடித்துச் சிவந்துபோனார்கள். கூட்டம் மொத்தமும் “வலி! வலி!” என்று கத்தியது. மலையாளத்தில் வலி என்றால் இழு. சங்கரன்கோவிலில் வலி என்றால் வலிதான். எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் வலி கண்டுவிட்டதே என்று பதறிய பூமாரி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். மூன்றாவதாக நின்றவளின் கெண்டைக்காலைப் பிடித்துத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எதிரணி சிரித்தது. சிரிப்பு வாயோடு நிற்பதில்லை, கைக்கும் இறங்கும். வடம் மேட்டுக்கடைப் பக்கம் வந்துவிட்டது. நடுவரும் சிரித்துக்கொண்டிருந்தார். விதிப்புத்தகத்தில் தைலம் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்றிலிருந்து மரபு. ஒவ்வோர் இறுதிப் போட்டியிலும் முதல் “வலி” கேட்டதும் பூமாரி குப்பியை ஆட்டிக்கொண்டு வடத்தின் ஓரமாக ஓடி வர வேண்டும். யாரையும் தொடுவதில்லை. ஒரே ஓட்டம், போய் வந்து உட்கார்ந்துவிடுவாள். எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்தாலும் சிரிப்பு வராமல் இருப்பதில்லை. தெரிந்திருப்பதால் விசில் ஊதுமுன்பே சிரிக்கத் தொடங்குகிறவர்களும் உண்டு.

கதையும் வருடத்துக்கு வருடம் சதை போட்டது. கல்லூரி ஆண்டு மலரில் அணிகளின் வரலாற்றை எழுதுகிறவர் உடற்கல்வித் துறை கிளார்க் பிச்சுமணி. “எதிரணியின் கவனத்தைக் குலைக்கும் நுட்பம்” என்று அவர் அச்சிலேயே போட்டுவிட்டார். அந்த வரியை பூமாரி இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதன் பிறகு தவறுதலாக ஓடியதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஊரில் தேர் வடம் பிடித்தவளாமே என்று புதுப் பெண்கள் கேட்டால், “பிடிச்சிருக்கேன்” என்பாள். கூடவே ஐந்நூறு பேர் பிடித்ததை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில்தான் சிக்கல் வந்தது. இறுதிப் போட்டியில் எதிரணி, ஸ்ரீவராகம் கல்லூரி. அந்த அணியில் வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்கும் பெண், பூமாரியின் மகள் கலைச்செல்வி.

அம்மாவின் கல்லூரியிலேயே இடம் கிடைத்தும் அவள் சேரவில்லை. “அங்க எல்லாருக்கும் நீ சேச்சி. நான் மட்டும் அம்மான்னு விளிச்சா நாலு பேரு திரிஞ்சு பாக்கும்” என்று மலையாளம் கலந்த தன் தமிழில் சொல்லிவிட்டாள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானச் சோற்றின்போது பேச்சு வந்தது.

“அம்மா, சனியாழ்ச்ச நீ லீவெடு.”

“எதுக்குட்டி?”

“நீ குப்பியத் தூக்கிட்டு ஓடினா எங்க பிள்ளேரு சிரிக்கும். சிரிச்சா பிடி விட்டுப்போவும். இது ஜெயிச்சாத்தான் எனக்கு யூனிவர்சிட்டி டீம் கிட்டும்.”

“பன்னெண்டு வருசமா ஓடுதேன். நான் ஓடலைன்னா அந்தப் பிள்ளைக வடத்தையே தொடாதுக.”

“அப்போ நான் உனக்கு ஆரு?”

“மகதான். வடத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற மக.”

“கொள்ளாம்! நல்ல அம்மா!”

பாயில் புரண்டு படுத்த தங்கையன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “ரெண்டு பேரும் ஒரு வடத்த எடுத்துட்டு வெளிய போங்க. மனுசன் தூங்கணும்.”

மகளின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள் பூமாரி. கலைச்செல்வி அதைத் தின்றாள். அந்த இரண்டு நாளும் பேசவில்லை.

சனிக்கிழமை, பாளையம் யூனிவர்சிட்டி ஸ்டேடியம். மேட்டுக்கடையின் மஞ்சள் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பூமாரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றில் இரண்டு இழுப்பை வென்றவர்களுக்குக் கோப்பை. மகளை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கால் எழும்பாது என்று பயம்.

விசில். “வலி! வலி!”

பூமாரி எழுந்து ஓடினாள். எப்போதும் போல, குப்பியை ஆட்டிக்கொண்டு. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்ரீவராகத்தின் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேலே போகிற காக்கை எச்சம் போடுமோ என்று அஞ்சுகிறவர்களைப் போல. பழக்கிவிட்டது யார் என்பது தாய்க்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. கண்ணை இறுக்கி மூடி, மோவாயை வானத்துக்குத் தூக்கி நின்ற மகளைப் பார்த்ததும் பூமாரிக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரித்ததைக் கண்டு மேட்டுக்கடையின் மூன்றாம் நம்பர் சிரித்தாள். பிறகு எட்டுப் பேரும். வடம் சரசரவென்று அந்தப் பக்கம் போய்விட்டது.

இரண்டாவது இழுப்பில் மேட்டுக்கடைப் பெண்கள் வெட்கமும் கோபமுமாக இழுத்து ஜெயித்தார்கள். ஆளுக்கு ஒன்று. இனி ஒரே ஓர் இழுப்பு.

பூமாரி குப்பியோடு தயாராக எழுந்தாள். மரபுப்படி ஓட்டம் ஒன்றுதான். ஆனாலும் முதல் ஓட்டம் கெட்டுப்போனதை ஈடுகட்ட வேண்டாமா? காப்டன் ஸ்ரீலட்சுமி கைக்குச் சுண்ணாம்புத் தூளைத் தடவிக்கொண்டே அவளிடம் வந்தாள். வலியசாலை அக்கிரகாரத்துப் பெண்; பூமாரியோடு தமிழில்தான் பேசுவாள்.

“சேச்சி, தப்பா எடுத்துக்காதீங்கோ. இனிமே ஓட வேண்டாம்.”

“ஏன், என்ன செஞ்சேன்?”

“உங்களைப் பாத்தா எங்களுக்கே சிரிப்பு வர்றது. கை போயிடறது. நீங்க சும்மா நின்னாலே போறும்.”

சும்மா நிற்பது பூமாரிக்குப் பழக்கமில்லாத வேலை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, வடத்தின் நடுவில் கட்டிய சிவப்புத் துணிக்கு நேராகப் போய் நின்றாள். வலது பக்கம் அவள் கல்லூரி. இடது பக்கம், எட்டாவது ஆளாக, அவள் மகள். இடது கைப்பக்கம் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக பிச்சுமணி வந்து நின்றுகொண்டார். வரலாறு எழுத வேண்டுமே.

விசில் ஊதியது. வடம் விறைத்தது. சிவப்புத் துணி அசையவில்லை. பத்து நொடி, இருபது நொடி. கலைச்செல்வியின் குதிகால் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரு விரற்கடை முன்னே நகர்ந்தது. கூட்டம் கத்தியது. பூமாரி தொண்டை நரம்பு புடைக்க, தன் கல்லூரியின் பக்கம் பார்த்தே கூவினாள்: “இழுங்கட்டி! விடாதீங்க! இழுங்க!”

பிச்சுமணியின் பேனா நழுவிக் கீழே விழுந்தது.

“பூமாரி, கொஞ்சம் நேரா நில்லுங்கோ. என்மேல சாயறேள்.”

“நேராத்தான் சார் நிக்கேன்” என்றாள் அவள், பார்வையை மாற்றாமல், மஞ்சள் தொப்பியோடு. அவள் உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்கியிருந்தது. வலது கால், செருப்போடு, தரையை விட்டு ஒரு சாண் மேலே நின்றது.