கஞ்சி போட்ட லினன்

இப்பல்லாம் நான் உள்ள நுழைஞ்சா எங்க ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு நோட்டுத் திருத்துற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. ஏன்னு எனக்குத் தெரியும். வாயைத் தொறந்தா நான் லினன் பத்திதான் பேசுவேன். கல்யாணத்துக்குப் போனாலும் லினன், துக்கத்துக்குப் போனாலும் லினன், பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நிக்கிற அம்மாகிட்டயும் லினன். "டீச்சருக்கு அந்தக் கம்பெனில எதுனா பங்கு இருக்குதா?"ன்னு ஒருத்தி கேட்டே புட்டா. பங்காவது பருப்பாவது! நல்லா தூங்கி எழுந்தவ வாயை யாரால மூட முடியும், சொல்லுங்க.

எங்க வூடு சதுரங்கப்பட்டினத்துல, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. உப்புக் காத்து இங்க கேட்டைத் தின்னும், ஃபேனைத் தின்னும், புதுசா மாட்டின தாழ்ப்பாளைக்கூட விட்டு வைக்காது. மழை மாசத்துல டவல் காயவே காயாது. குளிச்சிட்டு அதுல துடைச்சா, எதுக்குக் குளிச்சோம்னு ஆயிடும். இப்ப லினன் டவலு. காலையில துடைச்சுக் கொடியில போட்டா நாஸ்தா முடியிறதுக்குள்ள காஞ்சு போவுது, ஒரு நாத்தம் கிடையாது. ஜன்னலுக்கும் அதுதான். வெயிலைக் கொஞ்சம் தணிச்சிட்டு காத்தை மட்டும் தாராளமா உள்ள வுடும். தலகாணி உறை, டேபிள் விரிப்பு எல்லாம் அதுதான். மத்த துணிங்க தோய்க்கத் தோய்க்க நைஞ்சு போகும், இது தோய்க்கத் தோய்க்க மெத்துனு ஆவுது. கசங்கும், ஒத்துக்கிறேன். நல்லாவே கசங்கும். எங்க நாத்தனார் வந்து பாத்துட்டு, "ஏன் அண்ணி, வூட்ல கரண்ட்டே இல்லியா? இஸ்திரி போடவே மாட்டீங்களா?"ன்னாங்க. "இது அப்படித்தான் இருக்கணும், அதான் ஸ்டைலு"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு காப்பி ஆத்திகினு இருந்தேன்.

இதெல்லாம் ஒரே ஒரு பெட்ஷீட்ல ஆரம்பிச்சது. அதுல நடந்த கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க வூட்டுக்காரர் அணுமின் பிளான்ட்ல வேலை பாத்து ரிடையர் ஆனவரு. அதுவரைக்கும் அணுபுரத்துல குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். ரிடையர் ஆன கையோட இங்க சொந்த வூடு கட்டிக் குடி வந்தோம். எங்க ரெண்டு பேரைப் பெத்தவங்களும் படாளம் பக்கம் அடுத்தவங்க நிலத்துல நடவு நட்டவங்கதான். தனியா ஒரு ரூமு, அதுல ஒரு தேக்குக் கட்டில்னு ஆனது எங்களுக்குத்தான். அந்தக் கட்டிலை அவரு ஆசாரி பக்கத்துலயே ஸ்டூல் போட்டு ஒக்காந்து, பாத்துப் பாத்து செஞ்சு வாங்கினாரு. அதுல நான் ஒரு மாசம்கூட ஒழுங்கா படுக்கல.

ஏன்னா, குடி வந்த நேரம் பாத்து எனக்கு அந்த வயசு வந்து தொலைச்சிடுச்சு. மாசாமாசம் வர்றது நிக்கிற வயசு. நின்னுட்டுப் போவட்டும், எனக்கொண்ணும் வருத்தம் இல்ல. ஆனா அது சும்மா போவல. திடீர்னு நெஞ்சுக்குள்ள அடுப்பைப் பத்த வெச்ச மாதிரி சூடு கெளம்பும். கழுத்து, காது, தலை எல்லாம் தீயா எரியும். அப்புறம் வேர்வை தெப்பமா ஊத்தும். ஊத்தி முடிச்சதும் குளிர் எடுக்கும். ஏசி போட்டா நடுங்குவேன், நிறுத்தினா வெந்து போவேன். படுக்கையில விரிச்சிருந்தது வேற, புது வூட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்த சொந்தக்காரங்க குடுத்த பளபளா பெட்ஷீட்டுங்க. மயிலு, ரோஜாப்பூ, என்னென்னவோ. ஒரு சொட்டு வேர்வையை அது குடிக்காது, எல்லாத்தையும் எனக்கே திருப்பிக் குடுக்கும். செங்கல்பட்டுல டாக்டரம்மாகிட்ட காட்டினேன். "இது நோயில்லம்மா, கொஞ்ச நாள்ல சரியாயிடும்"னு சிரிச்சுகினே சொன்னாங்க. அவங்களுக்கு என்ன, சின்ன வயசு.

இத்தை வூட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி, புள்ளைய வளத்து ஓசூருக்கு வேலைக்கு அனுப்பியாச்சு, ஆனா இந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள்ள வந்ததே கிடையாது. "உள்ள காத்தே வரல"ன்னு சொல்லிட்டு, பாயைச் சுருட்டிகினு ஹாலுக்கு வந்துட்டேன். அவரு "சரி"ன்னாரு. அவ்ளோதான். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே! அந்த "சரி" மேல எனக்குப் பயங்கர கோவம். டைல்ஸ் தரையில பொரண்டு பொரண்டு படுத்துகினு, ஒரு வருஷம் ஓட்டினேன். மாளிகை வேணாம், நகை வேணாம். அந்தக் கட்டில்ல, அவரு பக்கத்துல, அக்கடான்னு ஒரு தூக்கம் தூங்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

அப்பத்தான் என் தம்பி பொண்ணுக்கு மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்ல நிச்சயதார்த்தம். பொம்பளைங்க பொடவை மாத்த ஒரு ரூம் குடுத்திருந்தாங்க. மதியம் பிரியாணி சாப்ட்ட கையோட, கழுத்துல சூடு கெளம்பிச்சு. ஒரு நிமிஷம் தலையைச் சாய்ப்போம்னு அந்தக் கட்டில்ல சாஞ்சேன். ஆண்டவரே! பட்டுப் பொடவை, அட்டிகை, தலையில பூவு, எல்லாத்தோடயும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். கீழ குடும்ப போட்டோ எடுத்து முடிச்சே புட்டாங்க. இன்னிக்கும் அந்த போட்டோவுல அத்தைக்காரி எங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க.

முழிச்சதும் எனக்கு சந்தோஷத்துல தலைகால் புரியல. வேர்த்திருக்கு, ஆனா முதுகுல ஒட்டல, ஈரமும் தெரியல. அந்த விரிப்பு எல்லாத்தையும் குடிச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கெடக்குது. நான் மெத்தையைத் தூக்கி, தலையை உள்ள வுட்டு லேபிள் தேடினேன். ரூம் கூட்ட வந்த பொண்ணு கதவுகிட்டயே நின்னுட்டா.

"இன்னா மேடம், கம்மல் வுழுந்துடுச்சா?"

"இல்லம்மா. இது இன்னா துணி?"

"லினன் மேடம்." அவ மூஞ்சியைச் சுளிச்சா. "பேஜாரு புடிச்ச துணி. எவ்ளோ இழுத்து வுட்டாலும் கசங்கும்."

அவளைக் கட்டிப் புடிச்சு ஒரு முத்தம் குடுத்தேன். பாவம், பயந்துட்டா. அங்கயே ஒக்காந்து மொபைல்ல ஒண்ணு ஆர்டர் பண்ணேன். வெலையைப் பாத்து கண்ணு கட்டுச்சு, அதனால ஒரு கண்ணை மூடிகினே பட்டனை அழுத்தினேன்.

பார்சல் வந்துச்சு. வெளுத்த கோதுமை நிறம், தொட்டா கொஞ்சம் மொரமொரப்பு. எங்க வூட்டுக்காரர் ரெண்டு வெரலால தூக்கிப் பாத்தாரு. "இது இன்னா, கோணி மாதிரி கீது?"

"கோணி இல்லீங்க, லினன். நீங்க தெனம் கொலஸ்ட்ராலுக்கு மோர்ல கலக்கிக் குடிக்கிறீங்களே ஆளி விதை, அந்தச் செடித் தண்டுல இருந்து எடுக்கிற நாரு."

"அப்ப இத்தயும் மோர்ல போட்டு அடிச்சிடலாம்னு சொல்லு."

அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல. ஒரு தோய்ப்பு தோய்ச்சு விரிக்கணும்னு எடுத்து வெச்சிட்டு ஸ்கூலுக்குப் போய்ட்டேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எங்க வூட்டுக்காரருக்குக் கஞ்சி போடுறதுன்னா உசுரு. ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போட்டுகினு போற வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அவரே கஞ்சி காய்ச்சி முக்கி, நீலம் போட்டு, இஸ்திரி வெச்சு எடுப்பாரு. அந்த மடிப்புல வெரலு பட்டா அறுத்துக்கும். ரிடையர் ஆனப்புறம் இது முத்திப் போச்சு. கைக்குட்டைக்குக் கஞ்சி, தலகாணி உறைக்குக் கஞ்சி. ஒரு தடவை கால்மிதிக்கும் போட்டாரு.

சனிக்கிழமை அரை நாள் ஸ்கூல் முடிஞ்சு வந்தா, மனுஷன் ரூம் வாசல்ல கையைக் கட்டிகினு சிரிச்சுகினு நிக்கிறாரு. "உள்ள போய்ப் பாரு"ங்கிறாரு. போனேன். கட்டில்ல என் லினன். சுருக்கம்னு ஒண்ணு கிடையாது, நாலு மூலையும் கத்தியால வெட்டின மாதிரி நிக்குது. ரெண்டு தடவை கஞ்சி காய்ச்சிப் போட்டிருக்காரு, ஜவ்வரிசிக் கஞ்சி! நான் ஒக்காந்தேன். சடசடன்னு ஒரு சத்தம். அப்பளக் கட்டு மேல ஒக்காந்த மாதிரி. அந்த நேரம் பாத்து எனக்குச் சூடு கெளம்பிச்சு. ஒரு பொட்டு காத்து ஏறல. வேர்வை பட்டதும் கஞ்சி எளகி, பிசுபிசுன்னு ஊனின கையில ஒட்டிக்கிச்சு.

எனக்கு வந்துச்சே கோவம்! "யாரு உங்களைக் கேட்டா? ஒரு துணியை அது பாட்டுக்குக் கெடக்க வுட மாட்டீங்களா? எல்லாத்தையும் வெறப்பா நிக்க வெக்கணுமா?"ன்னு கத்திகினே பெட்ஷீட்டை உருவினேன். அது மடங்கவே இல்ல, கதவுல இடிச்சுகினு பலகை மாதிரி வெளிய வந்துச்சு. கொண்டு போய்க் காம்பவுண்டு சுவத்து மேல சாத்திட்டு, தோட்டத்துக் கொழாயைத் தொறக்கப் போனேன்.

திரும்பிப் பாத்தா, பக்கத்து வூட்டு அக்காவோட ஆடு. அந்தப் பக்கம் இருந்து சுவத்து மேல முன்னங்காலை ஊனிகினு என் பெட்ஷீட்டை மென்னுகினு நிக்குது. கஞ்சி ருசி அதுக்கு அவ்ளோ புடிச்சுப் போச்சு. "ஐயோ, என் லினன்!"னு நான் ஒரு மொனையைப் புடிச்சு இழுக்க, ஆடு இன்னொரு மொனையை இழுக்க, அவரு ஓடி வந்து என் இடுப்பைப் புடிச்சு இழுக்க, பக்கத்து வூட்டு அக்கா மாடியில நின்னுகினு, "வுடாத டீச்சர், வுடாத!"ன்னு கத்துறாங்க. எனக்கா, ஆட்டுக்கான்னு தெரியல. கடைசியில ஆடு ஒரு உள்ளங்கை அளவு துணியோட போயிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் மண்ணுல ஒக்காந்துட்டோம். எனக்குச் சிரிப்பு தாங்கல. வயித்தைப் புடிச்சுகினு சிரிக்கிறேன், கண்ணுல தண்ணி கொட்டுது. அவரு மட்டும் சிரிக்கல.

கொழாயடியில ஒக்காந்து ரெண்டு பேரும் கஞ்சியை அலசினோம். அவரு ஒரு முனை, நான் ஒரு முனை, முறுக்கிப் பிழியிறோம். அப்பத்தான் குனிஞ்ச தலை நிமிராம கேட்டாரு.

"உனக்கு என் மேல இன்னா கோவம்?"

"இன்னா கோவம்? பெட்ஷீட்டுக்குக் கத்தினேன், முடிஞ்சு போச்சு."

"அது இல்ல. ஒரு வருஷமா நீ உள்ள வரலியே. ரிடையர் ஆயி வூட்லயே குந்திகினு இருக்கிறவனை யாருக்குப் புடிக்கும்னு நெனச்சுகினேன். புதுசா பெட்ஷீட் வாங்கினியா, சரி, நல்லா மடிப்பா போட்டு வெச்சா நீ உள்ள வருவியோன்னு பாத்தேன்."

இந்த மனுஷன் அந்தக் கஞ்சியை எனக்காகக் காய்ச்சியிருக்காரு! துணியைக் கீழ வெச்சிட்டு எல்லாத்தையும் சொன்னேன். வயசு, சூடு, வேர்வை, குளிரு, டாக்டரம்மா சிரிச்சது, ரிசார்ட்ல தூங்கினது, ஒண்ணு வுடாம சொன்னேன். வெக்கமெல்லாம் எங்க போச்சோ தெரியல. அவரு வாயைப் பொளந்துகினு கேட்டுகினு இருந்தாரு.

"பிளான்ட்ல எந்தப் பைப்புல எவ்ளோ சூடுன்னு நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்"னாரு. "வூட்ல கீற ஆளுக்கு எரியிறது தெரியலியே எனக்கு." அப்புறம் கோவமா, "ஏம்மா, இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"ன்னாரு.

"நீங்க ஏன் கேக்கல? 'சரி'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துகினீங்களே!"

அதுக்கு ஒரு சண்டை போட்டோம். நல்ல சண்டை, மனசு வுட்டுப் போட்ட சண்டை. சண்டை முடியிறதுக்குள்ள கடல் காத்துல லினன் காஞ்சே போச்சு. தொட்டுப் பாத்தா மெத்துனு, லேசா, கண்டபடி கசங்கி இருந்துச்சு. அவரு கை பழக்க தோஷத்துல இஸ்திரிப் பெட்டி பக்கம் போச்சு. நான் ஒரு மொறை மொறைச்சேன். கையை எடுத்துட்டாரு.

ரெண்டு பேரும் விரிச்சோம். ஆடு கடிச்ச பக்கத்தைக் கால்மாட்டுல போட்டோம். படுத்தேன். சூடு வந்துச்சு. வரட்டுமேன்னு இருந்தேன். வேர்த்துச்சு, துணி குடிச்சுகிச்சு, அதுக்குள்ள ஜன்னல் காத்து வந்துடுச்சு. குளிரு எடுக்கல. "இன்னா, எரியுதா?"ன்னு அவரு கேட்டது ஞாபகம் இருக்கு. பதில் சொன்னேனான்னு தெரியல.

கண்ணு தொறந்தப்ப வெளிய வெளிச்சம் எறங்கிப் போயிருந்துச்சு. அவரு தலைக்கு அடியில கையை வெச்சுகினு மல்லாந்து படுத்து, முழிச்சுகினு இருந்தாரு.

"நீங்க தூங்கலியா?"

"எங்க தூங்குறது? நீ வுட்ட கொறட்டையில தெருவே முழிச்சுகினு கீது."

"ஐயையோ! தட்டி எழுப்ப வேண்டியதுதானே?"

"எதுக்கு எழுப்பணும்?"னாரு, சீலிங்கைப் பாத்துகினே. "ஒரு வருஷமா இந்த ரூம்ல ஃபேன் சத்தத்தை மட்டுந்தான் கேட்டுகினு படுத்திருந்தேன்."

டீ போடணும், வாசல் லைட்டைப் போடணும். எழுந்திரிக்கல. தலைக்கு அடியில இருந்து அவரு கையை இழுத்து என் பக்கம் வெச்சுகினு, கொறட்டை வந்தா வரட்டும்னு திரும்பக் கண்ணை மூடிகினேன்.